கயானா எண்ணெயில் காசு போடலாமா? – கேள்வி பதில்

தென் அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில், எட்டு லட்சம் பேர் வாழும் நாடு கயானா. 2015-ல் அதன் கடலில் எண்ணெய் கண்டுபிடித்தார்கள்; 2019 டிசம்பரில் எடுக்கத் தொடங்கினார்கள். தலைநகர் ஜார்ஜ்டவுனில் சரக்கு கையாளும் வேலையில் நாலு வருஷம் இருந்தவன் என்பதால் பலரும் என்னிடம் விசாரிக்கிறார்கள். கேட்டதற்கெல்லாம் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: எண்ணெய் பிளாக்கில் பங்கு வாங்கித் தருவதாக வாட்ஸ்அப்பில் ஒருத்தர் சொல்கிறார். பத்து லட்சம் போடலாமா சார்?

போடாதீங்க. எண்ணெய் வரும் ஸ்டேப்ரூக் பிளாக்கில் (பிளாக் என்றால் எண்ணெய் எடுக்க ஒதுக்கிய கடல் பகுதி) எக்ஸான்மொபிலுக்கு 45 சதவீதம், ஹெஸ்ஸுக்கு 30 (ஹெஸ்ஸை 2025 ஜூலையில் செவ்ரான் வாங்கிவிட்டது), சீனாவின் சினூக்குக்கு 25. கூட்டிப் பாருங்க, நூறு வந்துவிட்டது. அவர் எதிலிருந்து பிய்த்துத் தருவாராம்?

அப்போ அந்தக் கம்பெனி ஷேரையே வாங்கினால்?

வாங்கலாம். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஆளுக்கு வருஷம் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் அந்த மேல்தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிப்பார்கள், வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் வாங்குவது உலகமெங்கும் கிணறு வைத்திருக்கிற கம்பெனியை. கயானா அதில் ஒரு மூலை.

நாட்டுக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை என்கிறார்களே, நிஜமா அண்ணா?

அரசு அந்தக் கம்பெனிகளோடு போட்ட 2016 ஒப்பந்தத்தைக் கணக்குப் போட்டுப் பார், தம்பி. நூறு பேரலில் ராயல்டி, அதாவது நாட்டுக்குத் தரும் உரிமைத் தொகை, 2. செலவுக்கென்று கம்பெனிகள் 75 வரை எடுத்துக்கொள்ளலாம். செலவு போக மீதி 25-ஐ அரசும் கம்பெனிகளும் ஆளுக்குப் பாதி. ஆக அந்த 12.5-உடன் ராயல்டி 2-ஐச் சேர்த்தால் கயானா கைக்கு வருவது 14.5. போதாததற்கு, கம்பெனிகளின் வருமான வரியையும் அரசே தன் பங்கிலிருந்து கட்டியதாகக் கணக்கு. போட்ட முதல் வசூலாகிவிட்டால் அரசின் பங்கு ஏறும். புதிய பிளாக்குகளுக்கென்று பின்னால் கொண்டுவந்த ஒப்பந்த மாதிரியில் ராயல்டி 10, செலவுப் பிடிப்பு 65 வரை, கூடவே 10 சதவீத வரி. சூடு பட்ட பிறகு எழுதியது என்று படித்தாலே தெரியும்.

சாப்பாடு சப்ளை, வண்டி, கிடங்கு மாதிரி சின்ன காண்ட்ராக்ட் எடுக்கலாமா? (நாமக்கல்)

இங்கேதான் நம்மவர்கள் வழுக்குவார்கள். 2021 டிசம்பரில் உள்ளூர்ப் பங்குச் சட்டம் வந்தது. நீங்கள் சொன்னவை போன்ற 40 சேவைகளில் கயானா நிறுவனங்களுக்கு ஒதுக்கீடு உண்டு. கயானா நிறுவனம் என்றால் 51 சதவீதம் கயானியர் கையில், மேல் பொறுப்புகளில் 75 சதவீதம், மற்ற வேலைகளில் 90 சதவீதம் அவர்களே இருக்கணும்.

என் நண்பர் ஒருவர் உள்ளூர்க்காரர் ஒருவரைப் பெயரளவுக்குப் பங்குதாரராக வைத்து லாரி ஓட்டினார். 'ரென்ட்-எ-சிட்டிசன்' (வாடகைக் குடிமகன்) என்று அங்கே இதற்குப் பட்டப்பெயரே இருக்கிறது. எட்டு மாதம் நன்றாகத்தான் போனது. ஒருநாள் அந்தப் பங்குதாரர், "காகிதத்தில் 51 என்னுடையதுதானே, சாவியைக் கொடு" என்றார். இவர் எந்த முகத்தோடு கோர்ட்டுக்குப் போவார்?

கோவையில் பம்ப், மோட்டார் செய்கிறோம். அங்கே மார்க்கெட் உண்டா?

எனக்கு எண்ணெயைவிட இதில்தான் நம்பிக்கை. எண்ணெய் விற்கிற நாட்டில் கரண்ட் தகராறு. ஃபர்னஸ் ஆயில் எரித்து ஓட்டினார்கள். போதாமல் 2024-ல் மின்சாரம் தயாரிக்கும் கப்பலையே வாடகைக்குக் கொண்டுவந்து பெர்பிஸ் ஆற்றில் கட்டி நிறுத்தினார்கள். கடலிலிருந்து வாயுவைக் குழாயில் இழுத்து வேல்ஸ் என்ற இடத்தில் 300 மெகாவாட் நிலையம் கட்டுகிறார்கள். அது சொன்ன தேதியைத் தாண்டியும் இழுத்தது. அதுவரை ஜெனரேட்டர், ஸ்டெபிலைசர், சோலார் எல்லாவற்றுக்கும் கிராக்கி. உள்காட்டுக் கிராமங்களுக்கு 30,000 வீட்டு சோலார் செட் இந்தியக் கடனுதவியில் போயிருக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்காதீங்க. அங்கே மின்சாரம் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ். நம்ம 50 ஹெர்ட்ஸ் மோட்டாரை மாட்டினால் வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடும்; மையவிலக்கு பம்ப்பில் லோடு இன்னும் முக்கால் பங்கு வரை கூடி, கம்பிச்சுருள் (காயில்) கருகும். மாதிரி அனுப்பும்போதே 60-க்குச் சுற்றிய காயில் போடுங்க.

பக்கத்து நாடான வெனிசுலா கயானாவைப் பிடித்துக்கொள்ளுமா?

எஸ்ஸெகிபோ பகுதி, அதாவது நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு, தன்னுடையது என்று வெனிசுலா நெடுங்காலமாகச் சொல்கிறது. 2023 டிசம்பரில் வாக்கெடுப்பே நடத்தியது. வழக்கு சர்வதேச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. இன்சூரன்ஸ்காரர் பிரீமியத்தில் அதைக் கட்டாயம் சேர்ப்பார்.

நம்ம ஆட்கள் அங்கே இருக்காங்களாமே?

கரும்புத் தோட்டத்துக்குச் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கூலிகளை ஏற்றிப் போனார்கள். மாரியம்மன் கும்பிடும் 'மதராசி'க் கோயில்கள் இன்னும் இருக்கின்றன, வீராசம்மி என்ற குடும்பப் பெயரும் இருக்கிறது. பேச்சு கயானா ஆங்கிலம். தமிழில் பேசினால் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

நிலம் வாங்கிக் கிடங்கு கட்டலாம் என்று யோசனை. எப்போது போய்ப் பார்க்கலாம்?

மே முதல் ஜூலை வரை மழை. அப்போதே போங்க. ஜார்ஜ்டவுன் ஓதம் ஏறும்போது (கடல் நீர் உயரும்போது) கடல் மட்டத்துக்குக் கீழே போய்விடும் ஊர். சுவர் கட்டிக் கடலைத் தடுத்திருக்கிறார்கள். மழைத்தண்ணீர் வெளியேற 'கோக்கர்' என்ற மதகை ஓதம் இறங்கும்போதுதான் திறக்க முடியும். வெயில் நாளில் புரோக்கர் காட்டுகிற மனை பளிச்சென்றுதான் இருக்கும். பலத்த மழையும் ஏற்ற ஓதமும் சேர்ந்த நாளில் அதே மனையில் போய் நில்லுங்க, தண்ணீர் முழங்காலுக்கு வருகிறதா என்று தெரிந்துவிடும்.