நட்சத்திரம் கோடாக விழுகிறது, கேமரா இணைப்பு போகிறது: எங்கிருந்து தொடங்குவது?

தொலைநோக்கியில் படமெடுக்கும்போது நட்சத்திரங்கள் புள்ளியாக விழாமல் நீண்டுபோகின்றன, நடு இரவில் கேமராவின் இணைப்பும் போய்விடுகிறது, எதை முதலில் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எதிலும் கை வைப்பதற்கு முன் கடைசியாக எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பதற்றத்தில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மறுபடி போடுவதுதான் பலருடைய பழக்கம். அப்படிச் செய்தால் கேமரா மறுபடி குளிர வேண்டும், தொலைநோக்கியின் குறியைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். அதைவிடப் பெரிய நஷ்டம், பழுதின் தடயமும் அழிந்துபோகும்.

படத்தின் நடுவையும் நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். எல்லா இடத்திலும் ஒரே திசையில் ஒரே நீளத்துக்கு இழுபட்டிருந்தால் தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்ட் மேல்தான் முதல் சந்தேகம். நடுவில் வட்டமாக இருந்து மூலைகளில் மட்டும் நீண்டிருந்தால் கேமரா சாய்ந்திருக்கலாம், லென்ஸ் பக்கமும் பார்க்க வேண்டும், மவுண்டைப் பிறகு பார்க்கலாம்.

அப்புறம் ஒரே இடத்தை 5 வினாடிக்கு ஒரு படம், 300 வினாடிக்கு ஒரு படம் எடுங்கள். 5 வினாடியிலேயே நீண்டிருந்தால் காற்று, அதிர்வு, இல்லையென்றால் ஒளியியல் கோளாறு. போகஸை ஒருமுறை உள்ளேயும் ஒருமுறை வெளியேயும் நகர்த்துங்கள். நீட்சியின் திசை 90 டிகிரி திரும்பினால் அது அஸ்டிக்மாடிசம், அதாவது ஒளி எல்லாத் திசையிலும் ஒரே இடத்தில் குவியாத கோளாறு. கண்ணாடி எங்காவது இறுக்கமாகப் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். 300 வினாடிப் படத்தில் மட்டும் பிரச்சினை என்றால் டிராக்கிங், அதாவது மவுண்ட் வானத்தின் நகர்வைப் பின்தொடர்வதில் கோளாறு. வானம் வினாடிக்கு சுமார் 15 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு) நகர்கிறது. மவுண்ட் இம்மி பிசகினாலும் அது படத்தில் தெரியும். வடக்கு தெற்காக மெதுவாக விலகினால் போலார் அலைன்மென்ட்டை, அதாவது மவுண்டின் அச்சு வான துருவத்தை நோக்கி இருக்கிறதா என்பதைப் பாருங்கள். கிழக்கு மேற்காக ஆடி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதே அலை திரும்பத் திரும்ப வந்தால் மவுண்டைச் சுழற்றும் திருகுப் பற்சக்கரமான வார்ம் கியர்.

ஒரு நட்சத்திரத்தைக் கவனித்து மவுண்டைத் திருத்திக்கொண்டே இருக்கும் கைடிங்கின் வரைபடம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்து திடீரென்று குதித்தால் கேபிளைத் தேடுங்கள். நான் வேலை பார்த்த தொலைநோக்கியில் மெரிடியனை, அதாவது தலைக்கு மேல் செல்லும் வடக்கு-தெற்குக் கோட்டைத் தாண்டிய பிறகு மட்டும் இப்படிக் குதிக்கும். சிவப்பு டார்ச் அடித்துப் பார்த்தபோது கேமராவின் மின் கேபிள் மவுண்டின் ஒரு போல்ட் தலையில் மாட்டி, வீணைத் தந்தி போல் விறைத்து நின்றது. தொலைநோக்கிக் குழாய் நகர நகர அது இழுபடும். பிறகு போல்ட்டிலிருந்து வழுக்கி விடுபடும். அந்த நொடியில் நட்சத்திரம் துள்ளும். குளிரில் கேபிளின் மேலுறை வேறு இறுகிவிடுவதால், பகலில் ஓட்டிப் பார்த்தபோது இது தெரியவே இல்லை.

கேமரா இணைப்பு விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது மின்சாரத்தை. கேமராவைக் குளிர்விக்கும் கூலர் முழு சக்தியில் ஓடும்போது மின்னோட்டம் அதிகமாகி, மெல்லிய வயரிலும் தளர்ந்த பிளக்கிலும் வோல்டேஜ் இறங்கும். கூலரை மட்டும் அணைத்துவிட்டுத் தொடர்ச்சியாகச் சில பயஸ் படங்கள் (ஒளி விழாமல் மிகக் குறைந்த நேரத்துக்கு எடுப்பவை) எடுத்துப் பாருங்கள். இணைப்பு அறாமல் நிலைத்தால் மின் பக்கம் போங்கள். அப்போதும் அறுந்தால் யூஎஸ்பி ஹப்பை விலக்கி, குட்டையான கேபிளில் நேரடியாக இணையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமலே போய்விடும், அடுத்த வாரம் அதே தலைவலி திரும்பி வரும்.

நட்சத்திரங்கள் மெல்ல மங்கினால் மேகம் என்று முடிவு கட்டாதீர்கள். தொலைநோக்கியை மூடியிருக்கும் டோமின் (குவிமாடத்தின்) திறப்பு தொலைநோக்கியோடு சேர்ந்து சுழலாமல் நின்றுவிட்டாலும் இதே மாதிரிதான் இருக்கும். எழுந்து போய் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். பிரகாசமான நட்சத்திரத்தைச் சுற்றி ஒளிவட்டம் விழுந்தால் லென்ஸில் அல்லது கண்ணாடியில் பனி படிந்ததா என்று பாருங்கள். தயவுசெய்து துணியால் துடைக்காதீர்கள், மேல்பூச்சு கீறிவிடும். இளஞ்சூடு போதும். ஈரப்பதம் ஏறிக்கொண்டே போனால் பழுது பார்ப்பதை நிறுத்திவிட்டு டோமை மூடுவதுதான் முதல் வேலை. கேமரா நன்றாக இருந்தால் அந்த நேரத்தில் டார்க் படங்கள் (ஒளி விழாமல் எடுத்து, கேமராவின் இரைச்சலைக் கழிக்கப் பயன்படுத்துபவை) எடுக்கலாம்.

உங்கள் தொலைநோக்கியின் 5 வினாடிப் படம், 300 வினாடிப் படம் இரண்டையும் போடுங்கள். இணைப்பு அறுந்த நேரத்தில் கூலர் எத்தனை சதவீதத்தில் ஓடியது, குழாய் எந்தத் திசையில் இருந்தது என்பதையும் எழுதினால் அடுத்து எதைப் பார்ப்பது என்று சேர்ந்து யோசிக்கலாம்.