மலைநாட்டு வீட்டுக்குள் என்ன நிறம் அடிக்கலாம்: கேள்வி பதில்

ஹட்டன் பக்கம் இருபது வருஷத்துக்கு மேலாக வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறேன். உள்சுவர் நிறத்தைப் பற்றி என்ன சந்தேகம் என்றாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டு, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (கொட்டகலை): அண்ணா, ஷேட் கார்டில் பார்த்து ஹோலுக்குச் சுத்த வெள்ளை அடித்தோம். மழை நாளில் சுவர் சாம்பல் பூசின மாதிரி இருக்கிறது. கலப்படப் பெயின்ட்டா?

பதில்: பெயின்ட்டில் பிழை இல்லை தங்கச்சி. மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் செப்டம்பர் வரை நம் பக்கம் மூட்டம்தான். மூட்ட வெளிச்சத்தில் நீலம் கூட, மஞ்சள் குறைவு. சுத்த வெள்ளைச் சுவர் அதை அப்படியே காட்டிவிடும். ஜன்னலுக்கு நேரே தேயிலை மலை இருந்தால் ஒரு பச்சைச் சாயலும் சேர்ந்து ஏறும். நம்பிக்கை இல்லை என்றால் ஒரு வெள்ளைக் கடதாசியை ஜன்னல் ஓரம் பிடித்துப் பாருங்கள், தெரியும். அதனால் அடுத்த கோட்டுக்கு மஞ்சளோ சிவப்போ துளி கலந்த வெள்ளையாக, கிரீம், ஐவரி, பாலாடை நிறம் என்று போங்கள். சில ஷேட் கார்டில் நிறத்தின் பக்கத்தில் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் போட்டிருக்கும். சுவரில் படும் வெளிச்சத்தில் எத்தனை வீதம் திரும்பி வரும் என்ற கணக்கு அது. நல்ல வெள்ளைக்கு 80க்கு மேல் இருக்கும். மூட்டம் பிடிக்கும் ஊரில் ஹோலுக்கு 70க்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம், தயவுசெய்து கடையில் நின்று நிறத்தை முடிவு பண்ணாதீர்கள். சின்ன டின் ஒன்று வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி ஹார்ட்போர்டில் இரண்டு கோட் அடித்து, அதை வீட்டுச் சுவரில் சாத்தி வையுங்கள். வெயிலில் ஒரு தரம், மூட்டத்தில் ஒரு தரம், ராத்திரி பல்ப் போட்டு ஒரு தரம் பாருங்கள். மூன்றிலும் பிடித்தால் வாங்குங்கள்.

கேள்வி (பண்டாரவளை): வடக்குப் பார்த்த அறை இருட்டாக இருக்கும், அதற்கு மஞ்சள் சார்ந்த நிறம்தான் சரி என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். எங்கள் படுக்கையறை வடக்குப் பக்கம்தான்.

பதில்: அது ஐரோப்பாக் கணக்கு. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே 7 பாகைக்குப் பக்கத்தில். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும், இடைப்பட்ட மாதங்களில் வடக்குப் பக்கமாகவே சாய்ந்திருக்கும். ஆகவே வடக்கு அறை இங்கே இருட்டு என்று இல்லை. ஜன்னலுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மலையை வெட்டிக் கட்டின வீட்டில் பின்பக்க அறைக்கு எதிரே மண்மேடுதான் நிற்கும், அந்த அறைதான் எந்தத் திசையானாலும் இருட்டு.

கேள்வி (வட்டவளை): சுவரில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கிறது. கடும் பச்சை அடித்தால் மறையும்தானே?

பதில்: மறையாது அக்கா. பூஞ்சணத்துக்கு வேண்டியது ஈரம், நிறத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. கடும் நிறத்தில் உப்புப் பூத்தால் வெள்ளை வெள்ளையாக இன்னும் அசிங்கமாகத் தெரியும், பிறகு அதற்கு வேறு மனம் கஷ்டப்பட வேண்டும்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பிடியுங்கள். ஒரு சாண் பொலித்தீன் துண்டைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனுக்கு உள்ளே நீர் கோத்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது: பின்பக்க மண்மேட்டை ஒட்டிக் கான் வெட்டி மழைத்தண்ணீரைத் திருப்பாமல் நீங்கள் எந்தப் பெயின்ட் அடித்தாலும் காசு வீண். மேல்பக்கம் நீர் நின்றால், அது சமைக்கிற ஆவியும் நம் மூச்சும் குளிர்ந்த சுவரில் பட்டுத் தண்ணீராகிறது. அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளுங்கள், மத்தியானம் ஜன்னலைத் திறந்து விடுங்கள், ஈர உடுப்பை அறைக்குள் காயப் போடாதீர்கள்.

ஈரம் நின்ற பிறகு ஒரு பங்கு பிளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து பூசி, கால் மணித்தியாலம் விட்டுக் கழுவுங்கள். கையுறை வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். டொய்லட் கழுவும் அசிட்டை அதோடு கலந்துவிடவே கூடாது, வருகிற வாயு நெஞ்சைப் பிடிக்கும். சுவர் நன்றாகக் காய்ந்ததும் பூஞ்சணம் தாங்கும் பிரைமர், அதற்குப் பிறகுதான் நிறம்.

கேள்வி (மஸ்கெலியா, தோட்ட லயம்): பத்துக்குப் பன்னிரண்டு காம்பரா, ஒரே ஜன்னல், சிவப்புச் சீமெந்துத் தரை, மேலே வெறும் தகரம். என்ன நிறம் அடிக்கலாம் அண்ணே?

பதில்: தம்பி, உங்கள் தரையே பாதி நிறத்தைத் தீர்மானித்துவிட்டது. சிவப்புத் தரையில் வெளிச்சம் பட்டு மேலே ஏறும்போது சுவர் தானாகவே கொஞ்சம் ரோஸாகும். ஆகவே ரோஸ், பீச் வேண்டாம், அளவுக்கு மீறிவிடும். வெளிர் மஞ்சள் அல்லது கிரீம் எடுங்கள். நாலு சுவருக்கும் ஒரே நிறம் போடுங்கள், சின்ன அறையை இரண்டு நிறமாக வெட்டினால் இன்னும் சிறுக்கும். ஆனால் நான் முதலில் காசு போடச் சொல்வது மேலே. சிலிங் அடிக்க வசதி இருந்தால் அடித்து வெள்ளை பூசுங்கள். இல்லை என்றால் தகரத்தைத் துடைத்து, தகரத்துக்குரிய பிரைமர் போட்டு அதன் உள்பக்கத்துக்கே வெள்ளை அடியுங்கள். அறை எவ்வளவு மாறும் என்று நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

இரண்டு கோட்டுக்கு எவ்வளவு பெயின்ட் என்றும் கேட்டிருந்தீர்கள். சுற்றளவு 44 அடி, உயரம் எட்டடி என்றால் 352 சதுர அடி. கதவு, ஜன்னல் போனால் 320 அளவில் வரும். ஒரு லீட்டர் ஒரு கோட்டுக்குச் சுமார் 100 சதுர அடி ஓடும். ஆறரை லீட்டர் போதும், பழைய சுவர் உறிஞ்சும் என்றால் ஏழு.

கேள்வி (தலவாக்கலை): குசினியில் விறகு அடுப்பு. வருஷா வருஷம் அடித்தாலும் புகைக்கறை மேலே வந்துவிடுகிறது.

பதில்: கரிப்பிசின் தண்ணீர்ப் பெயின்ட்டை ஊடுருவி வரும். சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு, எண்ணெய் சார்ந்த பிரைமர் ஒரு கோட் போட்டால் கறை அடங்கும். அடுப்பை ஒட்டின சுவருக்கு மட்டும் நம் பாட்டிமார் செய்த மாதிரி சுண்ணாம்பே அடியுங்கள், விலையும் குறைவு, பூஞ்சணமும் சுலபத்தில் பிடிக்காது.

கேள்வி (நுவரெலியா): தீபாவளிக்கு அடிக்கலாமா?

பதில்: ஆசை புரிகிறது, ஆனால் ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை எங்கும் பெய்யும், சுவர் காயாது. உங்கள் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. அப்போதும் காலை பத்துக்குத் தொடங்கி மூன்று மணிக்குப் பிரஷ்ஷைக் கழுவிவிடுங்கள். 10 பாகைக்குக் கீழே குளிர் இறங்கினால் எமல்ஷன் சரியாகப் படியாது. பதுளைப் பக்கம் கதை வேறு, அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காய்ந்த காலம்.

கேள்வி (ஹப்புத்தளை): பழைய பங்களா ஒன்றில் குடியிருக்கிறோம், கதவில் பழைய எனாமல் செதில் செதிலாக உரிகிறது. தேய்த்துவிட்டு வெளிர் நீலம் அடிக்க நினைக்கிறோம். சின்னப் பிள்ளை இருக்கிறது.

பதில்: உலர்ந்தபடி தேய்க்காதீர்கள். அந்தக் காலத்து எனாமலில் ஈயம் இருக்கக்கூடும், தூசு பிள்ளைக்கு ஆகாது. நனைத்து நனைத்துச் சுரண்டி, செதிலைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், முடியும்வரை பிள்ளையை வேறு வீட்டில் வையுங்கள். நிறம் உங்கள் விருப்பம்.

கேள்வி (பொகவந்தலாவை): அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, பார்வை மங்கல், கதவு நிலையில் இடித்துக்கொள்கிறார். நிறத்தால் உதவ முடியுமா அண்ணா?

பதில்: நிச்சயம் முடியும். வயதானால் கண்வில்லை மஞ்சளாகும், வெளிர் நீலம், வெளிர் சாம்பல் எல்லாம் அவருக்கு ஒன்றாகவே தெரியும். சுவரை கிரீமாக வைத்து, கதவு நிலையையும் படி விளிம்பையும் கடும் கபிலத்தில் அடியுங்கள். சுவிட்சைச் சுற்றியும் அதே கபிலத்தில் ஒரு பட்டை இழுங்கள். மினுமினுப்பு வேண்டாம், வெளிச்சம் பட்டுக் கண் கூசும், மெட் எமல்ஷனே போதும். குளியலறைக் கதவு நிலையை முதல் நாளே அடித்துவிடுங்கள், ராத்திரியில் அவர் எழுந்து போவது அங்கேதானே.