பெரிய கோயில் ஓவியங்களிலிருந்து சோழர் காலத்து உலகப் பார்வையைத் தெரிந்துகொள்வது எப்படி? கைடு சொல்வது போதுமா?

போதாது. "இது எதன் குறியீடு?" என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எந்தச் சுவர், எந்த அடுக்கு, எந்தக் காலம் என்பது முதலில் தெரிய வேண்டும்.

தஞ்சையில் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் சோழ ஓவியத்தின் மேல் நாயக்கர் காலத்தில் இன்னொரு அடுக்கு வரைந்துவிட்டார்கள். அடியில் இருந்ததை எஸ். கே. கோவிந்தசாமி 1931-ல்தான் கண்டுபிடித்தார். அடுக்கு தெரியாமல் உடை, நகையைப் பற்றிப் பேசினால் அறுநூறு ஆண்டுகள் தவறிப்போகும்.

சிவன் கிழவராக வந்து, சுந்தரரின் கல்யாணத்தைத் தடுத்து, 'இவன் என் அடிமை' என்று ஓலை காட்டி ஆட்கொண்ட காட்சியை எடுத்துக்கொள்வோம். கல்யாணச் சமையல் நடக்கிறது, குடையும் ஓலையுமாக ஒரு கிழவர் வந்து நிற்கிறார், சபையில் வழக்கு. பார்த்தவுடன் பெரியபுராணத்தைப் புரட்டுவதுதான் வழக்கமான தவறு. கோயில் 1010-ல் முடிந்தது. சேக்கிழார் பெரியபுராணம் எழுதியது அதற்கு நூறாண்டுக்கு மேல் கழித்து. கிழிபட்ட படியோலை (நகல்), சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்தை ஒப்பிடுவது எல்லாம் அவர் விரித்துச் சொன்னவை. ஓவியனுக்கு முன்பே இருந்தது தேவாரம். திருநாவலூர்ப் பதிகத்தில் சுந்தரரே "சபைமுன் வன்மைகள் பேசிட" என்கிறார். திருப்பதியம், அதாவது தேவாரம், பாட 48 பிடாரர்களை (ஓதுவார்களை) ராஜராஜன் இதே கோயிலில் நியமித்த கல்வெட்டும் உண்டு. ஆகவே பதிகத்தோடு முதலில் ஒப்பிடுங்கள், புராணம் அப்புறம்.

இனி உலகப் பார்வைக்கு வரலாம். இந்தக் காட்சியில் சிவன் அற்புதம் செய்து ஆளைப் பிடிக்கவில்லை; வாதியாக வந்து, ஆவணம் காட்டி, சபையாரின் தீர்ப்புக்குக் காத்திருக்கிறார். அதே கோயிலின் வெளிச்சுவர்களில் நிலம், பொன், விளக்கு நெய், நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் நடனப் பெண்களின்) பங்கு என்று எல்லாமே எழுத்தில் இருக்கிறது. எழுதி வைத்ததே செல்லும் என்று நம்பிய ஆட்சி, ஆண்டவன் கையிலும் ஓலையைப் பார்த்து ரசித்ததில் வியப்பில்லை. ஆனால் அதை டெல்டா மக்கள் எல்லோருடைய நம்பிக்கையாக நீட்டாதீர்கள். இது அரசன் கட்டிய கோயிலில், குறுகிய இருட்டுச் சுற்றில் வரைந்தது. உழுதவர் என்ன நினைத்தார் என்று இந்தச் சுவர் சொல்லாது.

உள்சுற்றுக்குள் பொதுவாக விடமாட்டார்கள். வளாகத்தில் தொல்லியல் துறை வைத்திருக்கும் படங்களைப் பாருங்கள்.

பிறகு கும்பகோணம் அருகே தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்குப் போங்கள். இரண்டாம் ராஜராஜன் கட்டியது, சேக்கிழாருக்கு அடுத்த தலைமுறை. அங்கே பெரியபுராணத்தைத் தாராளமாகத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். விமானத்தின் அடிப்பகுதியில் நாயன்மார் கதைகள் சிறு சிறு புடைப்புச் சிற்பங்களாக ஓடுகின்றன. டார்ச்சை நேராக அடித்தால் கல் தட்டையாகத் தெரியும்; பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்தும் உருவமும் எழும்பும். பெயர் பொறிப்பை முதலில் படியுங்கள். சுந்தரர் முதலை வாயிலிருந்து பிள்ளையை மீட்கும் காட்சி பெயரில்லாமலே புரியும். பொறிப்பு தேய்ந்து, காட்சியும் பல கதைகளுக்குப் பொருந்தினால் பெயர் சூட்டாமல் அடுத்ததற்கு நகருங்கள்.