எக்செல்லில் புதிர் போடலாமா?

அன்புள்ள சார்,

ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். நாள் முழுக்க எக்செல்தான். ‘சென்ட்’ (SEND), ‘மோர்’ (MORE) இரண்டையும் கூட்டினால் ‘மணி’ (MONEY) வரும், ஒவ்வோர் ஆங்கில எழுத்தும் ஒரு தனி இலக்கம் என்ற புதிரை அதிலேயே போட்டுப் பார்த்தேன். எல்லா வாய்ப்புகளையும் வரிசையாக அடுக்கினேன். ஷீட்டில் இடம் போதவில்லை. “மூளை செய்ய வேண்டியதை மெஷினிடம் கொடுத்தால் அது புதிர் போட்டதாகுமா?” என்கிறார் நண்பர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

ஆகும். ஃபார்முலாவை நீங்களே எழுதுவதாக இருந்தால், எது கூடும், எது கூடாது என்று ஒன்று விடாமல் யோசித்தாக வேண்டும். புதிரில் பாதி வேலை அதுதான்.

1924-ல் இங்கிலாந்துப் புதிர் ஆசிரியர் ஹென்றி டூடனி வெளியிட்ட புதிர் அது. எட்டு எழுத்து, பத்து இலக்கம் என்றால் 18,14,400 வாய்ப்புகள். எக்செல்லில் இருப்பதோ 10,48,576 வரிசைகள். ஆனால் இரண்டு நான்கிலக்க எண்களைக் கூட்டினால் இருபதாயிரத்தை எட்டாது. ஆகவே ‘எம்’ 1. இது தெரிந்ததுமே 1,81,440 ஆகிவிடுகிறது, ஷீட்டில் அடங்கும். அங்கே நிறுத்திவிடாதீர்கள். ‘எஸ்’ஸோடு 1 சேர்ந்து பத்தைத் தொட வேண்டும், அப்போது ‘ஓ’ 0 அல்லது 1. 1 ஏற்கெனவே போய்விட்டதால் 0. ‘எஸ்’ 8 என்று வைத்தால் ‘இ’ 9 ஆகி, ‘என்’னும் 0 ஆகிவிடும். அது கூடாது, எனவே ‘எஸ்’ 9. நூறாம் இடத்தில் ‘இ’யோடு 0 சேர்ந்து ‘என்’ வருகிறது என்றால், பத்தாம் இடத்திலிருந்து 1 ஏறியிருக்கிறது: ‘என்’ என்பது ‘இ’யைவிட ஒன்று கூட. அப்புறம் பத்தாம் இடத்தில் ‘என்’னோடு ‘ஆர்’ சேர்ந்து ‘இ’ வர வேண்டுமானால், ‘ஆர்’ 9 அல்லது 8. 9 ‘எஸ்’ஸுக்குப் போய்விட்டது, ஆகவே 8 தான், அதுவும் ஒன்றாம் இடத்தில் ‘டி’யும் ‘இ’யும் கூடிப் பத்தைத் தாண்டி 1 ஏறினால்தான்.

மிச்சம் ‘இ’யும் ‘டி’யும், 2 முதல் 7 வரை. ‘இ’யை இடது ஓரத்தில் கீழ்நோக்கியும் ‘டி’யை மேல்வரியிலும் எழுதுங்கள். நடுவில் 36 கட்டங்கள். எல்லாவற்றிலும் ஒரே ஃபார்முலா, ‘இஃப்’புக்குள் ‘ஆண்ட்’: ‘டி’ ‘இ’யாகவும் இருக்கக் கூடாது, ‘இ’ கூட்டல் 1 ஆகவும் இருக்கக் கூடாது, ‘இ’ 7 ஆகக் கூடாது, இரண்டின் கூட்டல் 12-க்குக் குறையக் கூடாது, குறைந்தால் ‘ஒய்’ 0 அல்லது 1 ஆகிவிடும். இழுத்து நிரப்பும் முன், வரிசையும் பத்தியும் நகர்ந்துவிடாமல் பிடித்து வைக்கும் டாலர் குறிகளைச் சரிபாருங்கள். 35 கட்டங்கள் வெறுமையாகி ஒன்றே ஒன்று நிற்கும்: ‘இ’ 5, ‘டி’ 7. அதாவது 9567 + 1085 = 10652. அந்த ஒற்றைக் கட்டத்தைப் பார்க்கும் சந்தோஷத்தை உங்கள் நண்பருக்கும் காட்டுங்கள்.

மெஷினிடமே விட வேண்டிய கணக்குகளும் உண்டு. ‘ஃபிளாட் 12 சதவீதம்’ என்று ஒரு லட்சம் கடன் தருகிறார்கள். பன்னிரண்டு மாதம், மாதத் தவணை 9,333 ரூபாய். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் போடப்படுகிறது. உண்மையான வட்டி என்ன? பேப்பரில் சுலபமாக வராது. ‘ரேட்’ ஃபார்முலா ஊகித்து ஊகித்து நெருங்கிப் பிடிக்கும். 12, மைனஸ் 9333, 100000 என்று கொடுத்து, வருவதை 12-ஆல் பெருக்குங்கள். 21 சதவீதத்துக்கு மேல் வரும்! வண்டிக் கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன் எல்லோரும் இந்த ஒரு வரியைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். தவணைக்கு முன்னால் மைனஸ் அவசியம். விட்டுவிட்டால் விடைக்குப் பதில் பிழைதான் காட்டும்.