டர்பன் கோடையில் குளிர் விருந்து: மேசையில் எவ்வளவு நேரம் இருக்கலாம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "டிசம்பர் 26ஆம் தேதி வீட்டு முற்றத்தில் கூடாரம் போட்டு உறவினர் நாற்பது பேருக்குப் பகல் விருந்து வைக்கிறோம். பிரியாணியும் கறியும் சூடாகவே பரிமாறப்படும். உருளைக்கிழங்கு சாலட், குளிர்ந்த இறால், தயிர்ச் சோறு, பழங்கள், டிரைஃபிள் ஆகியவற்றைப் பதினோரு மணிக்கே மேசையில் அழகாக அடுக்கிவிட்டால் மாலை வரை தாங்குமா? மயோனைஸ்தான் சீக்கிரம் கெடும் என்கிறார்கள். அதை மட்டும் தவிர்த்தால் போதுமா? மருமகள் ஆறு மாதக் கர்ப்பிணி, மாமியாருக்கு எண்பது வயது."

மாலை வரை தாங்காது. இவ்வகை உணவுகளைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்த பின் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதே பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. சுற்றுப்புற வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது ஒரு மணி நேரமாகக் குறைந்துவிடும். டிசம்பர் இறுதியில் டர்பனில் நிழலிலேயே 27, 28 டிகிரி இருப்பது வழக்கம் என்பதால், நாற்பது பேர் கூடி நிற்கிற, பக்கத்தில் இறைச்சி சுடும் பிராய் அடுப்பும் எரிகிற ஒரு கூடாரத்துக்குள் 32 டிகிரி எட்டாத அளவல்ல. ஆகவே உங்கள் விருந்தைப் பொறுத்தவரை ஒரு மணி நேரத்தையே கணக்காகக் கொள்ளுங்கள்.

நோய்க்கிருமிகள் விரைந்து பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான். ஏற்ற சூழலில் சில வகைகள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். உணவைப் புளிக்கவும் நாறவும் செய்கிற கிருமிகள் வேறு, மனிதரை நோயில் தள்ளுகிற கிருமிகள் வேறு என்பதால், முகர்ந்து பார்த்து "நன்றாகத்தான் இருக்கிறது" என்று முடிவு செய்வதில் பொருளில்லை. பிறகு சூடாக்கிக் கொள்ளலாம் என்பதும் எல்லா நேரமும் உதவாது. கைப்புண்ணிலிருந்தோ மூக்கிலிருந்தோ உணவில் சேரும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்னும் கிருமி உண்டாக்கும் நச்சு, கொதிக்க வைத்தாலும் அழியாது. விரலில் வெட்டுக்காயம் உள்ளவர் அன்று சாலட் கலக்காமல் வேறு வேலை பார்ப்பது நல்லது.

மயோனைஸின் மீது சுமத்தப்படும் பழி பெரும்பாலும் நியாயமற்றது. கடையில் வாங்கும் மயோனைஸில் வினிகரின் புளிப்பு இருப்பதால் அதில் கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை. பச்சை முட்டை சேர்த்து வீட்டில் அடிப்பது மட்டும் இந்த வெயிலுக்கு வேண்டாம். உண்மையான குற்றவாளி, ஆழமான பாத்திரத்தில் மூடி வைத்து மெல்ல ஆறவிட்ட உருளைக்கிழங்குதான். வெந்ததும் அகலமான தட்டுகளில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, ஆவி அடங்கியவுடன் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, முழுவதும் குளிர்ந்த பிறகே குளிர்ந்த மயோனைஸுடன் கலக்குங்கள். முதல் நாள் இரவே கலந்து வைத்தால் சுவையும் ஊறியிருக்கும், காலையில் ஒரு வேலையும் குறையும்.

தயிர்ச் சோற்றில் நம்மவர்கள் காட்டும் அலட்சியம்தான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை; சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் அவை முளைத்து, வாந்தியை உண்டாக்கும் நச்சைச் சுரக்கின்றன. அந்த நச்சும் சூட்டுக்கு அசையாது. தயிரின் புளிப்பு ஓரளவு காப்புத் தரும் என்றாலும், புளிக்காமல் இருக்க வேண்டும் என்று பாதிக்குப் பாதி பால் ஊற்றிப் பிசைகிற வழக்கத்தில் அந்தக் காப்பும் போய்விடுகிறது. எனவே சோற்றையும் தட்டில் பரப்பி விரைவாக ஆற்றிக் குளிர வைத்து, கட்டித் தயிரைத் தாராளமாகவும் பாலைக் கொஞ்சமாகவும் சேர்த்துப் பிசையுங்கள். தாளிப்பையும் மாதுளை முத்துகளையும் பரிமாறும் நேரத்தில் மேலே தூவினால் வெள்ளைப் பின்னணியில் நிறம் கலங்காமல் எடுப்பாகத் தெரியும்.

இனி அழகைப் பற்றி. விருந்தென்றால் தாம்பாளம் குவிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கஞ்சத்தனம் என்று உறவினர் நினைப்பார்கள் என்னும் அச்சம் பல வீடுகளில் இருக்கிறது. ஆனால் குவித்து வைத்த பெரிய தட்டு முதல் பத்துப் பேர் எடுத்ததுமே கலைந்துவிடும். நாற்பதாவது ஆள் வரும்போது ஓரத்தில் நீர் கோத்து, இலை வாடி, பார்க்கவே சோர்ந்து கிடக்கும். ஒவ்வோர் உணவையும் மூன்று நான்கு சிறு தட்டுகளாக முன்பே அலங்கரித்து, ஒன்றை மட்டும் மேசையில் வைத்து, மற்றவற்றை மூடிக் குளிரில் வைத்திருந்தால் ஒவ்வொரு முறையும் முதல் விருந்தாளிக்கு வைத்தது போன்ற தட்டே வரும், ஒரு மணி நேர வரம்பும் தானாகவே காக்கப்படும். மேசையில் இருந்த தட்டின் மீதியைப் புதிய தட்டில் கொட்டிச் சேர்க்காதீர்கள். யாராவது ஒரு பொறுப்பான பிள்ளையிடம் இந்த மாற்று வேலையை ஒப்படைத்து, தட்டு வெளியே வந்த நேரத்தைச் சிறு சீட்டில் குறிக்கச் சொல்லுங்கள்.

இறாலுக்குப் பனிக்கட்டிப் படுகை அவசியம். முதல் நாளே அகலமான பாத்திரங்களில் தண்ணீரை உறைய வைத்துவிடுங்கள். தட்டையான பெரிய கட்டி, சிறு துண்டுகளைவிட மெதுவாக உருகும். அதன் மேல் சிறிது உப்பைத் தூவினால் குளிர் கூடும். அதன் மீது எவர்சில்வர் தட்டை வைத்து இறாலை அடுக்குங்கள். பீங்கானையும் பிளாஸ்டிக்கையும்விட உலோகமே குளிரை விரைவாகக் கடத்தும். உருகும் நீர் இறாலைத் தொடக் கூடாது. அந்தப் பனிக்கட்டியை எவரும் குவளையில் போட்டுக் குடிக்கவும் கூடாது. உறைந்த இறாலைச் சமையலறை மேடையில் வைத்து இளக்காமல், முந்தைய இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி வைத்தால் போதும்.

டிரைஃபிளைப் பெரிய கிண்ணத்தில் செய்வதைவிடச் சிறு கண்ணாடிக் குவளைகளில் செய்யுங்கள். கேக், ஜெல்லி, கஸ்டர்ட் என்று அடுக்குகள் வெளியே தெரியும், கேட்பவருக்கு மட்டும் உள்ளிருந்து எடுத்துக் கொடுக்கலாம். வெட்டிய தர்பூசணியும் ஸ்பான்ஸ்பெக் என்னும் முலாம்பழமும் பாலுணவைப் போலவே குளிரில் இருக்க வேண்டியவை என்பதைப் பலர் அறிவதில்லை. மேசை நாள் முழுவதும் நிறைந்திருக்க வேண்டுமானால் அந்த இடத்தைத் தோலோடு கூடிய லிச்சிக் கொத்துகளுக்கும், முழு மாம்பழங்களுக்கும், மாங்காய் அச்சார் என்னும் ஊறுகாய்க்கும் கொடுங்கள். கழுவித் துடைத்த வாழையிலை விரிப்பு இவை அனைத்துக்கும் பொருந்தும். முற்றத்தில் பூத்திருக்கிறதே என்று அரளியை மட்டும் உணவு மேசைக்குக் கொண்டு வராதீர்கள், அது நஞ்சு.

மருமகளுக்கும் மாமியாருக்கும் தனிக் கவனம் வேண்டும். 2017, 2018ஆம் ஆண்டுகளில் நம் நாட்டில் பரவிய லிஸ்டீரியா நோயில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உண்ணத் தயாராக விற்கப்பட்ட போலோனி போன்ற பதப்படுத்திய இறைச்சியே காரணம் என்று பின்னர் கண்டறியப்பட்டது. மற்றப் பெரும்பாலான கிருமிகளைப் போலன்றி லிஸ்டீரியா குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் மெல்லப் பெருகும் என்பதால் குளிர் மட்டும் அதற்குக் காவலாகாது. கர்ப்பிணிக்கு வந்தால் தாய்க்குச் சாதாரணக் காய்ச்சலாகத் தோன்றி, கருவைப் பறித்துவிடக் கூடும். ஆகையால் போலோனி, ஹாம், குளிர்ந்த இறால், பச்சைப் பாலில் செய்த சீஸ், கடையில் வெட்டி விற்கும் பழம் ஆகியவற்றை அவர்கள் இருவருக்கும் தவிர்த்து, ஆவி பறக்கச் சூடான உணவையும் வீட்டில் அப்போதே நறுக்கிய பழத்தையும் கொடுங்கள்.

மின்வெட்டு வந்தால் பதற வேண்டாம். கதவைத் திறக்காதிருந்தால் குளிர்சாதனப் பெட்டி ஏறத்தாழ நான்கு மணி நேரம் குளிரைக் காக்கும். எப்படியும் நாற்பது பேருக்கான தட்டுகள் அதற்குள் அடங்காது. உணவுக்கு ஒரு கூலர் பாக்ஸும் பானங்களுக்கு வேறொன்றும் வைத்துக்கொள்ளுங்கள். பானப் பெட்டியைக் குழந்தைகள் நிமிடத்துக்கு ஒருமுறை திறப்பார்கள்.

விருந்து முடிந்ததும் ஆளுக்கொரு டப்பாவில் கட்டிக் கொடுத்தனுப்புவது நம் வழக்கம். அந்த டப்பாக்களை மேசையில் மிஞ்சியதிலிருந்து நிரப்பாமல், குளிரிலேயே இருந்த தட்டுகளிலிருந்து நிரப்புங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை போகிறவர்கள் இருந்தால், வெயிலில் நின்ற காரின் பின்பெட்டியில் வைக்காமல் பனிக்கட்டியோடு கூலர் பாக்ஸில் எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். கூலர் பாக்ஸ் இல்லாதவர்களுக்கு முறுக்கோ அச்சாரோ கொடுத்தனுப்பலாம்.