சால்வா, ரிசால்வா, அட்ரஸா?

கேள்வி: வாடிக்கையாளர் ஒருவரின் புகாருக்கு, ‘வி ஹேவ் சால்வ்டு தி இஷ்யூ’ என்று மின்னஞ்சல் எழுதினேன். மேலாளர் ‘சால்வ்டு’ என்பதை அடித்துவிட்டு ‘அட்ரஸ்டு’ என்று போட்டார். தோழியோ ‘ரிசால்வ்டு’தான் சரி என்கிறாள். எதை எழுதுவது?

பதில்: வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லையே! பதில் அதில்தான் இருக்கிறது.

தமிழில் நமக்குத் ‘தீர்’ என்ற ஒரு சொல்லே போதும். கடனைத் தீர்க்கிறோம், சந்தேகத்தைத் தீர்க்கிறோம், தாகத்தையும் தீர்க்கிறோம். அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் எல்லாவற்றுக்கும் ‘சால்வ்’ போட்டுவிடுகிறோம். ‘சால்வ்’ என்றால் விடையைக் கண்டுபிடிப்பது. கணக்கு, புதிர், துப்புத் துலங்காத கொலை, இவற்றுக்கு அது பொருந்தும். ‘பிராப்ளம்’ என்ற சொல்லோடும் இயல்பாகச் சேரும். புகார், தகராறு, ‘இஷ்யூ’ என்று வந்தால் ‘ரிசால்வ்’. பழுதான பொருளுக்கு ‘ஃபிக்ஸ்’. உங்கள் தோழி சொன்னது சரி, ஆனால் வேலை முழுக்க முடிந்திருந்தால் மட்டும்.

‘அட்ரஸ்’ வேறு வகை. பிரச்சினையைக் கவனத்தில் எடுத்துக்கொண்டு அதற்கான வேலையில் இறங்கிவிட்டோம் என்பதைத்தான் அது சொல்கிறது. முடித்துவிட்டோம் என்று உறுதி தருவதில்லை. ‘டாக்கிள்’ என்பதும் அப்படித்தான், கொஞ்சம் மல்லுக்கட்டும் தொனி கூடுதல்.

இதில் ஒரு விலக்கு உண்டு. அதில் பலர் தடுக்கி விழுவதால் நிதானமாகச் சொல்கிறேன். நீங்கள் தயாரித்த அறிக்கையைப் படித்தவர் ஓரத்தில் பன்னிரண்டு குறிப்புகள் எழுதித் திருப்பி அனுப்புகிறார் என்று வையுங்கள். ‘ஆல் கமென்ட்ஸ் ஹேவ் பீன் அட்ரஸ்டு’ என்று நீங்கள் பதில் போட்டால், பன்னிரண்டையும் பார்த்தாயிற்று, திருத்த வேண்டியதைத் திருத்தியாயிற்று, திருத்தாததற்குக் காரணம் எழுதியாயிற்று என்று அர்த்தம். அங்கே அது முடிந்த வேலை. பதினொன்றைப் பார்த்துவிட்டு அப்படி எழுதினால் அது பொய். புகாருக்கான பதிலில் அதே சொல்லுக்கு இந்த உறுதி கிடையாது.

அப்புறம், ஒரே பொருள் தரும் சொற்கள் என்று நூறு வார்த்தைகளை அச்சடித்து விற்கிறார்களே, அந்தப் பட்டியல்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்று அதில் ஒரு வரிகூட இருக்காது. சமாளிப்பதைச் சொல்ல ‘கோப் அப் வித்’ என்று எழுதச் சொல்லிக்கொடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ‘கோப் வித்’ என்பதுதான் சரி, நடுவில் ‘அப்’ வராது. ‘அட்ரஸ்’ என்பதற்குப் பின்னால் ‘அபவுட்’ வராது. பள்ளியில் வருடக்கணக்கில் ஒரே பொருள் தரும் சொற்களை மனப்பாடம் செய்ய வைத்து மதிப்பெண் போடுகிறோம். ஒரு புகாருக்கு இரண்டு வரி பதில் எழுத மட்டும் யாரும் கற்றுத்தருவதில்லை. உங்கள் குழப்பத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை.

சரி, உங்கள் மின்னஞ்சலுக்கு வருவோம். கோளாறு நீங்கியதைச் சோதித்துப் பார்த்துவிட்டீர்கள் என்றால் ‘ரிசால்வ்டு’ என்று தைரியமாக எழுதுங்கள். சோதனை இன்னும் பாக்கி என்றால் மேலாளரின் ‘அட்ரஸ்டு’கூட வேண்டாம், முடிந்துவிட்டது என்றே வாடிக்கையாளர் எடுத்துக்கொள்வார், மறுநாள் அதே கோளாறு வந்தால் கோபம் இரண்டு மடங்காகும். ‘வி ஆர் வொர்க்கிங் ஆன் இட்’ என்று எழுதி, எப்போது முடியும் என்ற தேதியையும் சேர்த்து அனுப்புங்கள். முடிந்த அன்று இன்னொரு மின்னஞ்சல் போடுங்கள்.