ஒருவரைக் குறிக்கும் ஆங்கில 'தே' (they) தமிழில் 'அவர்'

உங்கள் எழுத்தில் ஓவியர் ஒருவரைக் குறிக்க வரும் 'அவர்கள்' என்பதை நீக்கிவிட்டு 'அவர்' என்றே எழுதி, வினையை 'வந்தார்', 'வரைந்தார்' என்று முடியுங்கள். ஆண், பெண் என்ற இரண்டிலும் தம்மை அடக்கிக்கொள்ளாத ஓவியரும் அவருடைய பெற்றோரும் ஒரே பத்தியில் வரும்போது, யாரைச் சொல்கிறோம் என்பதே குழம்புகிறது என்று கேட்டிருந்தீர்கள். ஆங்கிலத்தின் 'தே' பன்மைக்கும் உரிய சொல் என்பதால், அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததே காரணமாக இருக்கலாம்.

தமிழில் இந்த இடம் காலியாக இல்லை. 'ஒருவர்' என்னும் பெயர் இருபாலுக்கும் உரியது என்றும், அது பன்மை வினை கொள்ளும் என்றும் தொல்காப்பியப் பெயரியலே விதிக்கிறது. இத்தகையவரைக் குறிக்கப் புதுச் சொல் வேண்டும் என்போரின் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆயினும் வினைமுற்றும் பால் காட்டும் மொழியில் பிரதிப்பெயரை மட்டும் புதிதாக ஆக்கினால், அதற்கேற்ற வினைக்கு எங்கே போவது?

திருத்தியபின், '-ஆன்', '-ஆள்' என்று முடியும் வினைகளைத் தேடிப் பாருங்கள். உறவுப்பெயர்கள்தாம் பெரும்பாலும் நழுவிவிடுகின்றன: 'மகன்', 'மகள்' இருக்குமிடத்தில் 'பிள்ளை'யும், 'தம்பி', 'தங்கை' இருக்குமிடத்தில் 'உடன்பிறந்தவர்' என்பதும் பொருந்தும்.

ஓர் எச்சரிக்கை. 'அவர்' மரியாதைச் சொல்லுமாதலால், மற்றவர்களை 'அவன்', 'அவள்' என்று எழுதினால் ஓவியருக்கு மட்டும் மரியாதை தருவதாகவே படும். எல்லோருக்கும் 'அவர்' என்றே வையுங்கள். அப்போது ஓவியருடைய பாலின அடையாளம் வாசகருக்குத் தெரியாமலே போகக்கூடும் என்பதால், அதை அவர் வெளிப்படையாகச் சொல்லியிருப்பின் முதல் பத்தியிலேயே ஒரு வாக்கியமாக எழுதிவிடுங்கள். யாழ்ப்பாணப் பேச்சுவழக்கில் 'அவர்' ஆணையே குறிக்கும். அவ்வழக்கில் உரையாடல் வந்தால், பெயரையே திரும்பச் சொல்வது நல்லது.